கடை உப்பு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் உப்பளத்தில் வாரும் முதல் உப்பை நான்தான் சமையலறைப் பானையில் போடுவேன். என் பரீட்சை முடியும்வரை மூட்டையில் மிஞ்சிய பழைய உப்பிலேயே சமைக்கச் சொல்லி, அப்பா பானையைக் காலியாகவே வைத்திருப்பார்.

இந்த வருடம் ஹாஸ்டலிலிருந்து வந்தபோது பானை நிறைந்திருந்தது.

“பெரியவ போட்டா,” என்றார் அம்மா. பொங்கலுக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் தத்தெடுத்த இரண்டு சிறுமிகளில் மூத்தவள், பன்னிரண்டு வயது.

“எனக்காகக் காத்திருக்கக்கூடாதாப்பா?”

“காலேஜ் படிக்கிற பொண்ணு, இதுக்கெல்லாமா மூஞ்சத் தூக்குவ?” அப்பா சிரித்தார். என் படிப்பையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்.

மதியம் கஞ்சியை உப்பில்லாமல் குடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கவனிக்கவில்லை. மூத்தவள் ஓடிப்போய் ஒரு பாக்கெட்டோடு வந்தாள்.

“அக்கா, இது கடை உப்பு. நான் போட்டது இல்ல.”

எங்கள் வீட்டுக்குள் கடை உப்பு வந்ததே இல்லை. அப்பாவின் முகம் கறுத்தது. அவர் பார்க்கப் பார்க்க அதையே கஞ்சியில் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.