எட்டு மணிக் கணக்கு

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்டென்ஷன் அக்கா. பத்தொன்பது வருடம் டெலிபோன் அறையில் உட்கார்ந்து, எந்த அறைக்கு எந்த எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆபரேட்டர் இல்லாமலே தொலைபேசிகள் ஓட ஆரம்பித்ததும் அவரைக் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே ஒரு மூலையில் மேசை கொடுத்தார்கள். வேலை கொடுக்க மறந்துவிட்டார்கள்.

அந்த வேலை ஒரு திங்கட்கிழமை வந்தது. நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் பழைய டேட்டாபேஸ் சர்வரை எடுத்துவிட்டு, வரும் ஞாயிறு மதியம் புதியதை வைக்கப் போகிறார்கள். நிறுவ வரும் இன்ஜினியர் முன்கூட்டியே ஒரு படிவம் அனுப்பியிருந்தார். சர்வருக்கு என்ன பெயர், என்ன முகவரி, தினசரி நகல் எங்கே போய்ச் சேர வேண்டும், யாருக்கெல்லாம் அனுமதி என்று நாற்பத்திரண்டு கேள்விகள். பழைய ஃபைலைப் பார்த்து நிரப்பிவிடுங்கள் என்று மேனேஜர் அதை அக்காவிடம் நீட்டினார். அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

ஒரே நாளில் நாற்பத்தோரு பதில்கள் கிடைத்தன. மிச்சமிருந்த கேள்வி இதுதான்: ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை இணைப்புகள்? மொத்தம் அறுபத்துநான்கு கம்ப்யூட்டர், போனால் போகிறதென்று எண்பது போடுங்கள் என்றார் மேனேஜர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

டெலிபோன் அறையில் குப்பை கொட்டியவரிடம் இது செல்லுமா? எத்தனை தொலைபேசி இருக்கிறது என்பது வேறு, ஒரே நிமிடத்தில் எத்தனை பேர் கூப்பிடுவார்கள் என்பது வேறு. காலை எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இன்ஜினியருக்கே போன் போட்டுக் கேட்டார். எண்பது என்று வைத்தால் எண்பத்தொன்றாவது ஆளை சர்வர் உள்ளே விடாது என்று பதில் வந்தது. அந்த ஆள் அவசர சிகிச்சைப் பிரிவின் நர்ஸாக இருந்தால்? பழைய சர்வரோ இந்தக் கணக்கையே வைப்பதில்லை.

மறுநாளிலிருந்து மூன்று நாள், காலை ஏழரைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வார்டு வார்டாகச் சுற்றினார். போகப் போகக் கால்வலி மறந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நோயாளிப் பதிவு ஒரு பக்கம், மருந்துப் பதிவு ஒரு பக்கம். இரண்டும் தனித்தனி இணைப்பு. ஆய்வகக் கருவிகள் யாரையும் கேட்காமல் தாங்களே முடிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தன. ரத்த வங்கியின் குளிர்பெட்டிகூட நிமிடத்துக்கு ஒருமுறை தன் வெப்பநிலையைப் பதிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று அக்கா மூன்று மாடியையும் ஓட்டமாக இறங்கி வந்தார். எட்டு மணிக்கு மொத்தம் நூற்று முப்பத்தெட்டு. கொஞ்சம் இடம் விட்டு நூற்று எண்பது என்று எழுதினார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இதற்குத் தகுந்தபடி சர்வரில் நினைவகம் ஒதுக்க வேண்டும், பிறகு மாற்றுவதானால் சர்வரையே நிறுத்த வேண்டும் என்று அடுக்கினார்.

"எட்டு மணிக்கு நீங்களே வந்து பாருங்க சார்," என்றார் அக்கா.

பத்து மணிக்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தே அறியாதவர் மேனேஜர்.

"தப்பாப் போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

ஞாயிற்றுக்கிழமை புது சர்வர் ஏறியது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மேனேஜரே வந்து நின்றார். இன்ஜினியரின் திரையில் எண் ஏறத் தொடங்கியது. நாற்பது, அறுபது, எழுபத்தெட்டு. எண்பதைத் தாண்டியபோது மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். எட்டு மணிக்கு நூற்று நாற்பத்தொன்று. எல்லோரும் உள்ளே. அக்காவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

அப்போது தொலைபேசி அடித்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் எண். அக்கா எடுத்தார். விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்த நர்ஸ்.

"அக்கா, சர்வர் மாத்தப் போறீங்களாமே, எப்போ? முன்கூட்டியே சொல்லிடுங்க. இங்க ஒரு நிமிஷம் நின்னாலும் எங்களுக்குக் கஷ்டம்."

அக்காவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"நேத்தே மாத்தியாச்சும்மா," என்றார்.