சாயத் தண்ணீரை வடிகட்டிய வருடங்கள்

சாயப்பட்டறையில் ஃபில்டர் பிரஸ் ஓட்டுகிறவனுக்கு நல்ல நாள் என்றால், துணி கிழியாத நாள். ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஒரு பட்டறையில் தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். முதுகு மறுக்கிற வரைக்கும் அதையே செய்தேன். போகாத கறையோடு வேலையிலிருந்து வீடு திரும்புகிற எல்லாரும் என் கட்சிதான். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

கேக்

சாயம் போட்டு மிஞ்சிய தண்ணீரில் சுண்ணாம்பும் அன்னபேதி உப்பும் கலந்தால் சாயம் திரண்டு சேறாகும். அந்தச் சேற்றுத் தண்ணீரை, வரிசையாக இறுக்கி வைத்த பிளேட்டுகளுக்கு நடுவே பம்பு தள்ளும். பிளேட்டுகளின் மேல் கெட்டித் துணி போர்த்தியிருக்கும். சேறு துணியில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் வெளியே வரும். கேட்க இவ்வளவுதான்.

தங்கிய சேற்றுக்கு மெஷின்காரர்கள் வைத்த பேர் கேக். பிளேட்டைத் திறந்தால் பலகையாகத் தானே விழும் என்று மெஷினை மாட்ட வந்த இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அது களிமாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. என்னோடு வேலை பார்த்த மணி அண்ணன் மரச் சுரண்டியால் ஒவ்வொரு பிளேட்டாகச் சுரண்டி எடுப்பார். அடுத்த முறை இன்ஜினியர் வந்து, கேக் எப்படி விழுகிறது என்று கேட்டபோது மணி அண்ணன் நிமிரக்கூட இல்லை.

"இதுக்கு கேக்குன்னு பேரு வெச்சவரு ஒரு நாளும் இத சொரண்டியிருக்க மாட்டாருங்க."

தேசூர் பஸ்

துணியில் ஒரு மடிப்பு விழுந்தால் போதும், பிளேட்டுகள் சரியாகப் பொருந்தாது. பம்பு போட்டதும் அந்தச் சந்தில் பீய்ச்சி அடிக்கும். ஒருநாள் அப்படி அரக்கு நிறச் சேறு என் தலையிலிருந்து கால்வரை அடித்தது. கழுவிப் பார்த்தேன், சட்டையில் போகவில்லை. மாற்றுச் சட்டையும் இல்லை. அப்படியே வீட்டுக்குப் போகத் தேசூர் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பதறிப்போய், எங்கே அடிபட்டது என்று கேட்டு எனக்கு உட்கார இடம் வாங்கிக் கொடுத்தார். ரத்தம் இல்லை, பட்டுச் சாயம் என்றேன். கொஞ்ச நேரம் சட்டையையே பார்த்தார். பிறகு சட்டைக் கையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டச் சொன்னார்.

"இந்தக் கலர்லதாம்பா எம்பொண்ணுக்கு முகூர்த்தப் பொடவ தேடிகினு இருக்கேன்."

பக்கத்து வீட்டுக் கிணறு

மெஷின் வருவதற்கு முன்னால் சாயத் தண்ணீர் பட்டறைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் டீச்சர் வீடு. அவர் கிணறு ரோஸ் நிறமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமப்பார். மெஷின் வந்ததும், இனிமேல் கவலையில்லை என்று முதலாளி அவரிடம் சொன்னார்.

கல்யாண சீசனில் நூல் குவிந்தது. சாயம் திரளும்வரை காத்திருக்க நேரமில்லை, அப்படியே பம்பில் விடு என்றார் முதலாளி. துணி சேற்றைத்தான் பிடிக்கும், கரைந்த சாயம் துணி வழியாகவே போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. பள்ளத்தில் விடும் எங்கள் குழாயில் வந்த ரோஸ் தண்ணீரை டீச்சர் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரில் வைத்தார். குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயம் திரளாமல் பம்பு போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். கழிவுத் தொட்டி நிரம்பி, சாயம் போடுவதும் நின்றது. முதலாளி என்னோடு பேச்சை நிறுத்தினார், ஆனால் சாயம் திரள இன்னொரு தொட்டி கட்டினார். அதற்குப் பிறகு வெளியே வந்த தண்ணீரில் நிறம் இல்லை. கிணறு மட்டும் உடனே மாறவில்லை. மண்ணில் ஊறிய சாயத்தை எந்தத் துணி பிடிக்கும்? மழைக்காலங்கள் வந்து போயின.

ஒரு காலையில் டீச்சர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். கிணற்றுத் தண்ணீர், பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

"குடிங்க தம்பி. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா நாளைக்கு நான் குடிக்கிறேன்."

குடித்தேன். மறுநாள் நான் வேலைக்கு வந்ததைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கிணற்றில் வாளியை விட்டார். வடிகட்டுகிறவனுக்குக் கிடைக்கிற நற்சான்று அவ்வளவுதான்.