நீலச் சட்டைக்காரனின் மெடல்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு அவன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருவரும் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர்கள். ஜெர்மன்காரன் பாரீஸைப் பிடித்தபோது அங்கேயே மாட்டிக்கொண்டோம். நான் ஓட்டலில் பாத்திரம் தேய்த்தேன். அவன் கட்சியில் சேர்ந்தான்.

ஜெர்மன்காரன் காலை நக்கிய பிரெஞ்சுக்காரர்களின் கட்சி அது. வெள்ளைத் தோல்தான் உசத்தி என்று மேடையில் கத்துவார்கள். இவன் என்னைவிடக் கறுப்பு. நீலச் சட்டையும் பெல்ட்டும் கொடுத்து, கார்க் கதவு திறக்க வாசலில் நிறுத்தினார்கள். அதற்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

எங்கள் விடுதி மாடியில் ஒரு யூதத் தையல்காரர் ஒளிந்திருந்தார். என் கோட்டைக் கிழிசல் தெரியாமல் தைத்துக் கொடுத்தவர். இவன்தான் போலீஸை மாடிக்குக் கூட்டிப்போனான். நான் படியில் நின்று பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை.

இங்கே காரைக்காலில் அவன் வீட்டுக் கூடத்தில் அந்தச் சட்டையோடு எடுத்த படம் மாட்டியிருந்தது. பூ வேறு போட்டிருந்தார்கள்.

"ஆபீசரா இருந்தப்ப எடுத்ததுண்ணே" என்றாள் அவன் பெண்சாதி. அவளுக்கு என்ன தெரியும்.

வஞ்சிர மீன் குழம்பு. இலையில் கை வைக்குமுன் ஒரு காகிதத்தை நீட்டினான். ஜெர்மன்காரனை ரகசியமாக எதிர்த்தவன் என்று இரண்டு பேர் சாட்சி சொன்னால் மெடல் கிடைக்குமாம். ஒருவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். இன்னொன்று நான் போட வேண்டுமாம்.

"ஒரு கையெழுத்துதானேண்ணே."

"இந்தச் சட்டையோடவா எதிர்த்தே?"

"அங்க எல்லாருந்தான் போட்டாங்க."

"நான் போடல."

"உங்களுக்குச் சட்டை யாரு குடுத்தா?" என்று சிரித்தான்.

"தையக்காரருக்கு யாருடா சாட்சி?" என்று எழுந்தேன்.

"கொழம்பு ஆறுது, உக்காருங்கண்ணே" என்றாள் அவள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

கடலையே தாண்டாத ஒருவன் கையெழுத்துப் போட்டான். மெடல் வந்தது. காரைக்கால் நிர்வாகத்தைப் பார்த்த துரை வீட்டுக்கே வந்து அவன் நெஞ்சில் குத்திவிட்டார். பழைய சொல்தாக்கள் வர வேண்டும் என்று உத்தரவு. போய் நின்றேன். துரை பிரெஞ்சுக்காரர், அந்தச் சட்டை தெரியாமலா இருக்கும்? படத்தைப் பார்த்தார். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

பிறகு அவன் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டே வந்தான். என் முன்னால் வந்ததும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கை வலியாண்ணே?" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.

"இல்ல. கை நல்லாத்தான் இருக்கு" என்றேன்.