கலங்கல் தண்ணீரில் பன்னக்கா

பன்னக்கா ஏரித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோகிறார். ஒரு முறை ஆழமாக, ஒரு முறை மேலோட்டமாக முகர்கிறார். விரலிடுக்கில் அது ஒழுகித் தீரும்வரை பொறுத்திருந்து, ஈரக் கையை மாவு படிந்த ஏப்ரனில் துடைத்துக்கொள்கிறார். “இன்னைக்கு நல்ல பசி,” என்கிறார் பக்கத்தில் நிற்பவரிடம். யாருக்குப் பசி என்று ஏரிக்குப் புதிதாக வந்தவர்கள்தான் கேட்பார்கள்.

வயது ஐம்பத்து மூன்று. ஆள் குள்ளம், தோள் மட்டும் மூட்டை தூக்குபவரின் தோள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பேக்கரியில் இருபத்திரண்டு வருடமாக மாவு பிசைகிறார். மெஷின் வந்த பிறகும் பன்னுக்கான மாவை மட்டும் முதலாளி இவர் கையில்தான் விட்டுவைத்திருக்கிறார். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். அடுப்புக்குள் தட்டுகளைத் தள்ளும்போது ஒவ்வொரு வரிசைக்கும் ஏதாவது சொல்லி அனுப்புவார். “போய் நல்லா உப்பிக்கிட்டு வாங்க.” “நீ என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” காலை பத்து மணிக்கு வேலை முடியும். பத்தே காலுக்கு ஏரிக்கரையில் நிற்பார். வீடு நேர் எதிர்த் திசையில்.

மீனுக்குப் போடும் இரையும் மாவுதான். கனிந்து கறுத்த வாழைப்பழம், நசுக்கிய பூண்டு, இரண்டு சொட்டு வெனிலா எசன்ஸ். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, கடைசியில் தன் காது மடலையும் மாவையும் மாறி மாறிக் கிள்ளிப் பார்ப்பார். இரண்டும் ஒரே பதத்தில் இருந்தால் அது தூண்டில் முள்ளில் ஏறும். இல்லாவிட்டால் வாத்துகளுக்குப் போகும். “நமக்கு எப்படியோ அப்படித்தாங்க அதுக்கும். மொதல்ல மூக்கு, அப்புறந்தான் வாய்.”

கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நெடுஞ்சாலையில் எதிரே எது வந்தாலும் அசராதவருக்குத் தண்ணீர் என்றால் கிலி. விடுமுறை நாளில் மனைவியோடு ஏரிக்கு வருவார். ஆனால் கரையிலிருந்து இருபது அடி தள்ளி, மரத்தடியில் மடக்கு நாற்காலியைப் போட்டுப் பேப்பருக்குள் மறைந்துகொள்வார். “இவருக்கு வாளித் தண்ணியே ஆழந்தான்,” என்று பன்னக்கா சொல்வதை அவர் மறுத்ததே இல்லை.

ஏரியில் தூண்டில் போடுபவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பதினோரு ஆண்கள், பன்னக்கா ஒருவர். தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். வருடத்துக்கு ஒரு நாள் போட்டி. அன்று யார் பிடித்த மீன் பெரிதோ, அடுத்த ஒரு வருடத்துக்கு மதகு மேடை அவருக்குச் சொந்தம். நிழலும் ஆழமும் உட்காரக் கல்லும் உள்ள ஒரே இடம் அது. ஆறு வருடமாக மருந்துக்கடைக்காரர்தான் அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பன்னக்காவுக்கு விடப்பட்டது பூங்கா ஓரத்து மூலை. பூங்காவின் மழைநீர் வாய்க்கால் வந்து விழும் இடம், கொசுவுக்குப் பஞ்சமில்லை. ஒன்பது போட்டிகளில் மூன்று முறை இரண்டாவதாக வந்தார். இரண்டாவதுக்கு ஒன்றும் கிடையாது, கைகுலுக்குவார்கள்.

போன வருடம் அந்தக் கையே அவரைக் கைவிடப் பார்த்தது. வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப் போயின. பிசையும் மாவு சூடா குளிரா என்று தெரியவில்லை. டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நரம்பு நசுங்கியிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணணும். ஆறு மாசம் பாரம் தூக்கக் கூடாது. பழைய பிடி திரும்ப வருமான்னு இப்ப உறுதியா சொல்ல முடியாது.”

“எந்நேரமும் தூண்டில்ல கட்டுற நைலான் நரம்பையே கொஞ்சிக்கிட்டு இருந்தா, கையில இருக்கிற நரம்பு கோவிச்சுக்காதா?” என்றார் கணவர், சூழ்நிலையை லேசாக்க. பன்னக்காவும் சிரித்து வைத்தார். ஆனால் வீடு வரும்வரை பேருந்தில் மரத்த விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, போட்டி.

மீன் கொத்துவது மரத்த விரலுக்குத் தெரியாது. அதனால் தூண்டில் நரம்பை இழுத்துக் கீழுதட்டில் வைத்துக்கொள்ளப் பழகினார். கை தேறிய பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் அவர் நரம்பை உதட்டில் வைத்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், யாரிடமோ ரகசியம் கேட்டுக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும்.

அந்த வாரம் வியாழக்கிழமை தொடங்கிய மழை சனிக்கிழமை மாலைவரை விடவில்லை. ஞாயிறு காலை வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. ஏரியைத்தான் அடையாளம் தெரியவில்லை. நடைபாதை முழுகிவிட்டது. பூங்காவின் புல்வெளி பாதிக்கு மேல் தண்ணீருக்குள். இரும்பு பெஞ்சுகளின் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. செங்கல்லைக் கரைத்த மாதிரி தண்ணீர், அதில் முறிந்த கிளைகளும் பாட்டில்களும் எங்கிருந்தோ வந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் சுற்றிச் சுற்றி வந்தன.

“இன்னைக்கு வேலைக்காகாது,” என்றார் மருந்துக்கடைக்காரர். “உள்ள கையை விட்டா கை தெரியல. மீனுக்கு இரை எப்படித் தெரியும்? ரெண்டு வாரம் தள்ளி வச்சுக்கலாம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் சாமான்களை மூட்டை கட்டவே தொடங்கிவிட்டார்கள்.

“ரெண்டு வாரம் கழிச்சு எனக்குக் கை இருக்காதுண்ணே,” என்றார் பன்னக்கா.

மூட்டை கட்டியவர்களின் கை நின்றது. ஆபரேஷன் விஷயம் எல்லோருக்கும் தெரியும்.

“ஏம்மா, உன் கஷ்டம் புரியுது. ஆனா கலங்கல்ல மீன் கொத்தாதே!” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“கரண்டு போனா நீங்க சாப்பாட்டை மூக்குலயா வச்சுக்கறீங்க? வாய் இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும்ல? அதுக்கும் தெரியும். வைங்க போட்டிய.”

சங்கத்தில் ஒருவரான ஸ்டுடியோ போட்டோக்காரர்தான் முதலில் சிரித்தார். “அக்கா கேக்கறது நியாயந்தானே?” என்றார். எல்லோரும் சிரித்த பிறகு மருந்துக்கடைக்காரரால் மறுக்க முடியவில்லை. மதியம் ஒரு மணிவரை என்று முடிவானது.

ஆண்கள் வழக்கம்போலத் தங்கள் இடங்களில் நின்று, ஏரியின் நடுவை நோக்கி முழு பலத்தோடு வீசினார்கள். பன்னக்கா புல்வெளி ஓரத்தில் கணுக்கால் தண்ணீரில் இறங்கினார். அன்றைக்கென்று இரண்டு மடங்கு பூண்டு போட்டுப் பிசைந்த மாவை எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி முள்ளில் ஏற்றினார். எட்டடி தூரத்தில் மெதுவாகப் போட்டார்.

“அக்கா, ஏரி அந்தப் பக்கம் இருக்கு!” என்று கத்தினார் போட்டோக்காரர்.

“ஏரிதான் இங்க வந்திருச்சே. நான் எதுக்கு அங்க போகணும்?”

தினமும் செருப்புக் காலோடு நடந்த புல்வெளி அது. எங்கே பெஞ்ச், எங்கே வாய்க்கால், எங்கே மண் இளகல் என்று அவருக்கு மனப்பாடம். மழையில் புல்லிலிருந்து கிளம்பிய புழுவெல்லாம் இந்தத் தண்ணீரில்தான் நெளிந்துகொண்டிருக்கும். மீனாக இருந்தால் தான் எங்கே வருவோம் என்று யோசித்தார். இங்கேதான்.

பதினொரு மணிக்குள் மருந்துக்கடைக்காரர் இரண்டு பொடிக் கெளுத்தி பிடித்திருந்தார். மற்றவர்களுக்கு மாட்டியது குச்சியும் பையும்தான். பன்னக்காவுக்கு ஒன்றுமே இல்லை. வெயில் ஏறியது. கால் விறைத்தது. கணவர் பேப்பருக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார்.

பதினொன்றே முக்காலுக்கு உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. பன்னக்கா மூச்சை நிறுத்தினார். ஈ எழுந்து போயிற்று. மறுபடி உட்கார்ந்தது. பிறகு நரம்பு உதட்டை அறுப்பதுபோல் விருட்டென்று ஓட, அவர் முள் பதியும்படி கோலை மேலே சுண்டி இழுத்தார்.

மறுமுனையில் இருந்தது சின்ன உயிர் அல்ல என்று தோள் சொன்னது. வலது கைப் பிடி அந்த நொடியே நழுவியது. கோலின் அடியை இடது கக்கத்தில் செருகி, இடது கையால் அணைத்துக்கொண்டார். ரீலின் கைப்பிடியை விரலால் பற்ற முடியவில்லை; உள்ளங்கையின் அடியால் தள்ளித் தள்ளிச் சுற்றினார். மீன் நேராக பெஞ்சை நோக்கிப் போனது. அதன் இரும்புக் காலில் நரம்பு ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் முடிந்தது. பன்னக்கா முழங்கால், தொடை என்று உள்ளே இறங்கி, கோலைப் பக்கவாட்டில் சாய்த்து மீனின் தலையைத் திருப்பினார்.

போட்டோக்காரர் தபதபவென்று ஓடிவந்தார். “விடுங்கக்கா, நான் பிடிக்கிறேன்!”

“தொட்டீன்னா கையை ஒடிச்சிருவேன்!”

இன்னொருவர் கை கோலிலோ நரம்பிலோ பட்டால் மீன் கணக்கில் வராது. வலை பிடிக்க மட்டும் ஆள் வரலாம். அது சங்கத்து விதி. போட்டோக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குள் பதினோரு பேரும் தங்கள் தூண்டில்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் புல்வெளி ஓரத்தில் கூடியிருந்தார்கள். மீன் இழுக்கும்போது பன்னக்கா விட்டுக்கொடுத்தார். களைக்கும்போது சேர்த்துக்கொண்டார். இருபது நிமிடம். ஒரு முறை அது புரண்டு முதுகைக் காட்டியது: பித்தளைக் குடம்போலப் பளபளத்த கெண்டை. கரையில் யாரோ “அடேயப்பா” என்றார்கள்.

மருந்துக்கடைக்காரர் தன்னுடைய பெரிய வலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தண்ணீர் ஓரத்தில் தயங்கி நின்றார். எங்கே பள்ளம் என்று அவருக்குத் தெரியாது. அவர் கையிலிருந்த வலையைப் பின்னாலிருந்து யாரோ வெடுக்கென்று பிடுங்கினார்கள். பன்னக்காவின் கணவர். பேன்ட், பெல்ட், சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றோடும் இறங்கி இடுப்புத் தண்ணீருக்குப் போய்விட்டார். கண்ணைப் பாதி மூடியிருந்தார்.

“எங்க? எங்கேன்னு சொல்லு!”

“இடது பக்கம் வாங்க! வலதுல வாய்க்கால்!”

“எந்த இடது? உன் இடதா, என் இடதா?”

“கல்யாணம் பண்ண நாள்லேருந்து இதே கேள்வி! மோதிரக் கைங்க!”

மோதிரக் கைப் பக்கம் வலை அமிழ்ந்தது. ஒரு சுழி, ஒரு பெரிய அறை. தண்ணீர் இருவர் முகத்திலும் அடித்தது. பிறகு வலை எழுந்தது, வளைந்துபோன கைப்பிடியோடும் உள்ளே துள்ளும் பொன்னிறத்தோடும்.

பன்னக்கா கோலை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் போட்ட கூச்சலில் வாத்துக் கூட்டம் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தது. பேக்கரி முதலாளிக்கே கேட்டிருக்கும் என்று போட்டோக்காரர் இன்றும் சொல்கிறார்.

மருந்துக்கடைக்காரர் தராசை ஒரு முறை கண்ணாடியோடும் ஒரு முறை கண்ணாடி இல்லாமலும் பார்த்தார். “பதினாலு கிலோ இருநூறு,” என்று உரக்கச் சொன்னார். சங்கத்தில் அதுவரை யாரும் ஒன்பதைத் தாண்டியதில்லை. “மேடை உன்னுதும்மா,” என்றார். குரலில் வருத்தம் தேடினாலும் கிடைக்கவில்லை.

“ஆறு மாசம் கழிச்சு வர்றேண்ணே. அதுவரைக்கும் நீங்களே உக்காந்து கல்லைச் சூடா வச்சிருங்க.”

கணவர் சொட்டச் சொட்ட நின்று தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் தண்ணில எறங்கினேன்ல?”

“எறங்கினீங்க.”

“இடுப்பு வரைக்கும்.”

“கழுத்து வரைக்கும்னே ஊருக்குச் சொல்லிக்குங்க. நான் மறுக்க மாட்டேன்.”

கரையில் ஒதுங்கிய ஒரு கிளையில் மீனைக் கட்டி ஒரு முனையைக் கணவரும் மறுமுனையைப் போட்டோக்காரரும் தோளில் ஏற்றினார்கள். பின்னால் நடக்கக் காலெடுத்து வைத்தபோதுதான் பன்னக்காவுக்கு வலது காலில் செருப்பு இல்லை என்பது தெரிந்தது. சேறு எப்போது அதை வாங்கிக்கொண்டதோ. மருந்துக்கடைக்காரர் துழாவித் தருவதாகச் சொல்லிச் சட்டைக் கையை மடித்தார். பன்னக்கா வேண்டாமென்று தலையசைத்தார். “மீனைக் கொடுத்த ஏரிக்கு ஒத்தைச் செருப்பா? ஜோடியா வச்சுக்கட்டும்,” என்று குனிந்து இடது கால் செருப்பையும் கழற்றினார். இடது கையை முழுவதுமாகப் பின்னுக்கு இழுத்து, யாரும் எதிர்பாராத வேகத்தில், அதை ஏரியின் நட்டநடுவுக்கு வீசினார்.