ஏழு படி தெரிந்தால் துடுப்பு

எங்கள் அண்ணியிடம் துடுப்பு வாங்குவது பெண் கேட்டுப் போவதைவிடக் கஷ்டம்.

ஆற்றங்கரையில் கடைசி வீடு அண்ணனுடையது. சமையலறையை ஒட்டி ஒரு நீள அறை. படகு வைத்திருந்த ஒன்பது பேரும் தங்கள் துடுப்புகளை அங்கேதான் சாத்தி வைப்பார்கள். படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், துடுப்பு மட்டும் பூட்டுக்குள். சாவி அண்ணியின் இடுப்பில். ஒரு மழைக்காலத்தில் ரேடியோ ரிப்பேர்க்காரர் வீம்புக்குப் படகை எடுத்துப்போய் ஒன்றரை நாள் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தாராம், அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது என்பார் அண்ணன். மரக்கிளையில் இருந்தவர் மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அண்ணி ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. மீன் வாடையே அவருக்கு ஆகாது. ஆனால் ஆறு அவருக்கு அத்துப்படி. காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பார். வீட்டுப் பின்வாசலிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகளில் ஏழு வெளியே தெரிந்தால் படகுக்குத் துடுப்பு உண்டு. ஆறோ ஐந்தோ தெரிந்தால் கரையில் நின்று தூண்டில் போடலாம், படகு கிடையாது. நாலுதான் தெரிகிறது என்றால் கரைப்பக்கமே போகக்கூடாது, காலடி மண் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. ஏழாவது படி மூழ்கிவிட்டால் தண்ணீர் பாலத்தின் இரண்டாவது தூணை நோக்கி இழுக்கும். அந்த இழுப்பில் சின்னப் படகைத் துடுப்புப் போட்டுத் திருப்ப முடியாது. இதற்கு மேல் விளக்கம் கேட்டால் அண்ணிக்குக் கோபம் வரும். தலைகீழாக நின்றாலும் துடுப்பு வராது.

நான் அப்போது தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் படகில் ஏறிக்கொள்வேன். எனக்கு நீச்சல் தெரியாது. அண்ணிக்கு அது தெரியும்.

அந்த வருஷம் அண்ணிக்கு முழங்கால் வலி. பின்வாசலுக்கும் முதல் படிக்கும் நடுவே நல்ல இறக்கம், கால் வைக்கும்போதெல்லாம் "அம்மாடி" என்பார். ஒன்பது பேரில் ஒருவரான கொத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை கல்லும் சிமெண்டும் கொண்டுவந்து, நடுவில் புதிதாக ஒரு படி கட்டிக் கொடுத்தார். ஈரச் சாக்கைப் போட்டு மூடி, "நாளைக்குக் காலையில எடுத்துடுங்க அக்கா" என்றார். அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை சாக்கை எடுத்துவிட்டு வந்து, வழக்கம்போல ஜன்னலில் நின்று எண்ணினார்.

"ஏழு தெரியுது. ஆனா தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கே" என்றார்.

"அதான் ஏழு தெரியுதே, அப்புறம் என்ன?" என்றார் அண்ணன்.

அண்ணி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சாவியை எடுத்தார். "தம்பியை நடுவில உக்கார வைங்க" என்று மட்டும் சொன்னார்.

நடு ஆற்றுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சருகும் சுள்ளியும் எங்களை முந்திக்கொண்டு போயின. அண்ணன் படகை நிறுத்தப் பின்பக்கமாக நங்கூரக் கல்லை இறக்கினார். அது எதிலோ மாட்டிக்கொண்டது. படகின் பின்பக்கம் அமுங்கித் தண்ணீர் உள்ளே வந்தது. அந்த நேரத்தில் கரையில் தகரத் தட்டை யாரோ டமார் டமார் என்று தட்டும் சத்தம். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

தட்டியது அண்ணி. எங்களை அனுப்பிவிட்டு, வெங்காயம் உரிக்கப் பின்வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எப்போதும் கீழே தொங்கும் கால் அன்று புதுப்படியில் மடங்கி நின்றது. அப்போதுதான் அதையும் சேர்த்து எண்ணியது புரிந்தது. தெரிந்த பழைய படி ஆறுதான். வெங்காயத்தைக் கொட்டிவிட்டுத் தட்டோடு ஓடியிருக்கிறார், அந்த முழங்காலோடு.

அண்ணன் தூண்டில் கத்தியால் நங்கூரக் கயிற்றை அறுத்தார். படகு சுற்றிக்கொண்டே போய்த் தூணில் பக்கவாட்டில் இடித்து, கீழே நாணல் புதரில் செருகி நின்றது. நான் அண்ணன் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நாங்கள் வீடு வந்தபோது அண்ணி திட்டவில்லை, அழவில்லை. சாவியை மேஜைமேல் வைத்து, "இனிமே என்னைக் கேக்காதீங்க" என்றார். துடுப்பறைக் கதவு திறந்தே கிடந்தது.

எட்டு நாள். நாலு நாளில் தண்ணீர் வடிந்து தெளிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் ஒரு துடுப்பைத் தொடவில்லை. கொத்தனார் சுத்தியலோடு வந்து, "இடிச்சுடறேன் அக்கா" என்று நின்றார்.

"எண்ணத் தெரியாதவ நான். படி என்ன பண்ணுச்சு? போய் வேலையைப் பாருங்க" என்றார் அண்ணி.

ஒன்பதாம் நாள் காலை அண்ணன் அடுப்படிக்குப் போய் நின்றார். மற்ற எட்டுப் பேரும் வாசலில். நான் அவர்களுக்குப் பின்னால்.

"துடுப்பு குடு" என்றார் அண்ணன்.

"கதவு திறந்துதானே இருக்கு. எடுத்துக்கோங்க."

"நீ குடுத்தாதான் எடுப்பேன். இல்லன்னா அது அங்கேயே மக்கட்டும்."

அண்ணி அடுப்பை அணைத்தார். ஜன்னலுக்குப் போகவில்லை. பின்வாசலில் இறங்கி, ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி, தண்ணீர் பாதத்தில் படும்வரை போனார். திரும்பி வர நேரமானது.

"ஏழு" என்றார்.

"புதுசைச் சேர்த்தா?" என்று பின்னாலிருந்து கேட்டுத் தொலைத்தேன்.

என்னை ஒரு முறை முறைத்தார். "சேர்க்காம" என்றபடி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அப்போதுதான் அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தக் காலைப்பொழுது எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. அந்த வீடும், அந்தக் கோபமும்.

அண்ணி போய் நாலு வருஷம் ஆகிறது. நான் வேறு ஊரில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. "ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி" என்று மூச்சு வாங்குகிறாள் என் மனைவி. பதினேழுதான் என்று நான் சண்டை போடுகிறேன். எந்தப் படிக்கட்டிலும் முதல் படியை எண்ணுவதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.