படத்துல இன்னா இருக்குனு சொல்லிட்டு மேல போ

சென்ற வாரம் ஒரு காலையில் கறீம் பாயின் மகள் நஸீமா தொலைபேசியில் அழைத்தாள். "சரோஜாம்மா, அத்தா மவுத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். பிறகு அவளே, "நீங்கதான் அத்தாவப் பத்தி எழுதணும். அந்தக் காலத்துப் படம் ஒண்ணு இருக்குது, அனுப்புறேன், அதையும் போடுங்க" என்றாள். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அழுது முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினால் அவருக்கே பிடிக்காது.

உங்களில் பலருக்குப் பிற்காலத்துக் கறீம் பாயைத்தான் தெரிந்திருக்கும். டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்றபின், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளை ஓடவிட்டு, இந்த இணையதளம் பார்வையற்றவர்களுக்குப் பயன்படுமா என்று சோதித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "பட்டன், பட்டன், பட்டன்னே சொல்லுது. எது இன்னா பட்டன்னு யாரு சொல்லுவா?" என்று நிறுவனத்துக்காரர்களைப் படுத்தி எடுத்தார். இதே வேலையை எண்பதுகளிலேயே பழவேற்காட்டில் அவர் செய்து நான் பார்த்திருக்கிறேன். அப்போது கணினி இல்லை. கணினியின் இடத்தில் நான்தான் இருந்தேன்.

அன்று நான் பழவேற்காடு கிளை நூலகத்தில் வேலையில் இருந்தேன். வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். சிறுவயதில் அம்மை போட்டுப் பார்வை போனவர். "புஸ்தகம் எங்கிட்ட பேச மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் பேச வைங்க" என்றார். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் போகிறாராம். தேறினால் சென்னையில் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி. இல்லையென்றால் அண்ணனின் கருவாட்டுக் கடையில் உட்கார வேண்டும். "கருவாடு எனக்குப் புடிக்கும். அதுக்குக் காவல் இருக்கத்தான் புடிக்காது" என்றார்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்ததும் அவர் எங்கள் மீனவர் குப்பத்துக்கு வந்துவிடுவார். பழுதுபார்க்கக் கரையில் ஏற்றி வைத்திருந்த நைனாவின், அதாவது என் அப்பாவின், படகு நிழலில் உட்கார்ந்து, நான் பாடங்களை வாசித்து கேசட்டில் பதிவேன். உடனே போட்டுக் கேட்பார். பிடிக்காத இடம் வந்தால் உள்ளங்கையை உயர்த்துவார். முதல் கேசட்டிலேயே கை உயர்ந்தது. "'படத்தில் காட்டியபடி'னு படிச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. எனக்கு யாரு காட்டுனா? படத்துல இன்னா இருக்குனு சொல்லிட்டு மேல போ." கேசட்டை அழித்து முதலிலிருந்து வாசித்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான்.

கேசட்டில் வேண்டிய பாடத்தை எப்படித் தேடுவது என்பது அடுத்த தொல்லை. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் டம்ளரைத் தட்டிப் பார்த்தோம். நாடாவை வேகமாக ஓட்டினால் அந்தச் சத்தம் கீச்சுக்குள் காணாமல் போனது. யோசித்துக்கொண்டே அவர் படகுப் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அது எந்த வேகத்திலும் கேட்டது. "இன்னா பாய், படகத் தட்டுனா மீனு பயந்து வலைக்கு வரும். பாடமா வரும்?" என்றார் நைனா. வந்தது. பாடத்துக்கு ஒரு தட்டு, உள்தலைப்புக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்ததுமே, "சரோஜா, மொகலாயர் ஆட்சி வரிக்கு வரி புதுசா ஆரம்பிக்குது" என்றார். போட்டுக் கேட்டோம். முந்தைய வாரம் பதியும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஏரியில் மடவை மீனை வலைக்கு விரட்டுபவர்கள் தங்கள் படகுகளைத் தட்டிக்கொண்டிருந்த சத்தமெல்லாம் கேசட்டில் ஏறியிருந்தது. நைனா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு வெயில் தாழும் முன்பே முடித்துக்கொள்ளப் பழகினோம்.

அறிவியலில் கண்ணின் படம் வந்தது. என்னால் முடிந்தவரை வர்ணித்தேன். கை உயர்ந்தது. "லென்ஸுன்றியே, அதக் கைக்குப் புரியுற மாதிரி சொல்லு." அன்று எங்கள் வீட்டில் மடவைத் தலைக் குழம்பு. சாப்பிடும்போது மீன் கண்ணிலிருந்து வெள்ளை உருண்டையை எடுத்து, "இதுதானே?" என்றார். அதேதான் என்றேன். அதை விரலில் உருட்டி உருட்டிப் பார்த்தார், அவ்வளவு சந்தோஷம். மனிதக் கண்ணின் லென்ஸ் பருப்பு போலத் தட்டையானது என்பது எங்கள் யாருக்கும் நினைவு வரவில்லை. தேர்வில் விழிலென்ஸ் முழு உருண்டை என்றும் வேகவைத்தால் வெளுத்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சொல்ல விடை எழுதிய வாத்தியார், "வேகவச்சாலா?" என்று கேட்டாராம். "எழுதுங்க சார், நான் சாப்ட்ருக்கேன்."

அந்த மதிப்பெண் போயிருக்கும். மற்றவை போகவில்லை. முடிவு வந்த பேப்பர் பொன்னேரி பஸ்ஸில் வந்தது. அவருடைய எண்ணைப் படகடியில் வைத்து வாசித்தேன். உள்ளங்கை உயர்ந்தது. "இன்னொரு தடவ படி" என்றார். மறுபடி வாசித்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வாக்கியம்தான். எதைக் காட்டினாலும், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாதவருக்கும் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். நஸீமா அனுப்பிய படம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. உங்களில் சிலர் இதைக் காதால்தான் படிப்பீர்கள். ஆகவே சொல்கிறேன்: முடிவு வந்த அன்று, விடுமுறையில் வந்திருந்த அவருடைய மச்சான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கரையில் ஒரு பழைய படகு. பக்கத்தில் கையில் பேப்பருடன் நான். கறீம் பாய் வாய்விட்டுச் சிரிக்கிறார். வலது கையைப் படகுப் பலகைக்கு மேல் ஓங்கியிருக்கிறார். புதுப் பாடத்துக்கான அந்த ஒரே ஒரு தட்டுக்காக.