மாலை போட்ட மனேச்சர்

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை காலைகளில் ஒரு மனிதர் குப்பைத்தொட்டியிலிருந்து சிரிப்பார். பக்கத்து வீட்டு கீத் தன் சக்கரம் வைத்த தொட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வரும்போது, அதன் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் படமும் கூடவே வரும். வழுக்கைத் தலை, அகன்ற காதுகள், வாய் நிறையச் சிரிப்பு. குப்பை லொறி தொட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கும்போதும் அவர் சிரிப்பதை நிறுத்துவதில்லை. திருகோணமலையில் ஒருவருடைய முகத்தைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் ஒட்டினால் அன்று பின்னேரமே இரண்டு குடும்பமும் பொலிஸ் நிலையத்தில் நிற்கும். இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சிறிய ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு அதே யோசனைதான். இந்த மனிதர் கீத்துக்கு அப்படி என்னதான் செய்திருப்பார்? என் கணவரிடம் கேட்டேன். அவர் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "மனிசியின்ர தமையனா இருக்கும்" என்றார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கீத்திடமே கேட்டுவிட்டேன். கீத் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வருடக்கணக்காக எங்களுக்கிடையில் நடந்த பேச்செல்லாம் மழையைப் பற்றியது மட்டுமே. அன்று அவர் தொட்டியின் மூடியில் கையை வைத்து, குழந்தையின் தலையைத் தடவுவதுபோல் ஒருமுறை தடவினார். "அது எங்கள் கஃபர். நோர்மன்" என்றார். கஃபர் என்றால் இந்த ஊர்ப் பேச்சில் உதைபந்தாட்டக் கழகத்தின் மனேச்சர். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீ லோஸ்ட் ஹிம்" என்றார். அவரை இழந்துவிட்டோம். சொல்லும்போது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. வரும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னர் கழக மண்டபத்தில் பழைய ரசிகர்களெல்லாம் கூடி அவரை நினைவுகூரப்போகிறார்கள், நீங்கள் இருவரும் கட்டாயம் வரவேண்டும் என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொல்லவும் முடியவில்லை. செத்தவீட்டு அழைப்புக்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? ஆனால் புலம்பெயர்ந்து இருப்பவர்களுக்கு இது விளங்கும். இந்தத் தெருவில் ஒரு கலியாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ எங்களை எவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் என்ன கொண்டுபோவது, எந்தப் பக்கக் கன்னத்தைக் கொடுப்பது என்று தடுமாறியிருப்பேன். நினைவஞ்சலி அப்படியல்ல. அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். வெள்ளைச் சேலை இருக்கிறது. மாலை கட்டத் தெரியும். சந்தையில் வெள்ளைச் செவ்வந்தியில் ஒரு கட்டு வாங்கிவந்து, வெள்ளிக்கிழமை முழுக்கக் குசினி மேசையில் இருந்து கட்டினேன். இவர் பக்கத்தில் வந்து நின்று, "நீ வடிவாக் கேட்டனியோ? செத்ததெண்டுதான் சொன்னவரோ?" என்றார். "கண் கலங்கினதப்பா" என்றேன். அதற்கு மேல் அத்தாட்சி தேவையா?

கட்டும்போது எனக்கு மகேந்திரண்ணையின் ஞாபகம் வந்தது. அவர் எங்கள் ஊர்க் கழகத்தின் மனேச்சர். கழகத்தின் பெயரைச் சொன்னால் எதிர்க்கழகத்தார் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், ஆகவே விடுகிறேன். கடற்கரைப் பக்கம் இருந்த அந்த மைதானத்தின் ஒரு பக்கத்து மதில் எங்கள் வீட்டு மதிலும்கூட. என் தம்பி ரூபன் கோல்காப்பாளன். நான் கொல்லைப்புறத்து மதிலில் ஏறியிருந்து அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவள். மகேந்திரண்ணைக்குத் தொழில் துறைமுகத்து மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொடுப்பது. அவருக்கு ஊர் வைத்த பெயர் 'ஐஸ்'. சொந்த லொறி ஒன்று வைத்திருந்தார். பந்து வாங்குவது, காற்றடிப்பது, நடுவரோடு சண்டை பிடிப்பது, காயப்பட்ட காலுக்கு ஐஸ் வைப்பது எல்லாம் அவர்தான். மற்றக் கழகங்களில் மருந்துப் பெட்டி இருந்தது. எங்களிடம் ஆளுக்கொரு ஐஸ் கட்டியே இருந்தது.

ஒரு வருடம் புல்மோட்டையில் இறுதியாட்டம். ஒழுங்கு பண்ணிய பஸ் வரவில்லை. மகேந்திரண்ணைக்கு எப்படியும் அன்று புல்மோட்டைக்கு ஐஸ் கொண்டுபோகவேண்டியிருந்தது. "ஏறுங்கோடா, ஒரு வேலையோட மற்ற வேலை" என்று முழு அணியையும் லொறிக்குள் ஏற்றிவிட்டார். ஐஸ் கட்டிகளின் மேல் உமி, உமியின் மேல் சாக்கு, சாக்கின் மேல் எங்கள் பதினொரு வீரர்கள். வெயில் படக்கூடாதென்று பின்கதவையும் பூட்டியாயிற்று. வழியில் நிலாவெளி தாண்டும்வரை உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டதாம். அதற்குப் பிறகு கேட்கவில்லையாம். புல்மோட்டையில் கதவைத் திறந்தபோது ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி பல்லுக் கிட்டிப்போய் இருந்தார்கள். ஆட்டம் தொடங்கியபோது எவருக்கும் கால் இருப்பதாகவே தெரியவில்லை. ரூபனின் விரல்கள் மடங்கவில்லை. பந்து அவன் கைக்குள்ளால் நனைந்த சவர்க்காரம்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. முதல் பாதியில் நான்கு கோல் வாங்கினார்கள். இடைவேளையில் வெயிலில் கிடந்து உருகி, இரண்டாம் பாதியில் மூன்று அடித்தார்கள். இன்னும் கொஞ்சம் முந்தி உருகியிருந்தால் கிண்ணம் எங்களுக்குத்தான்.

ஊர் அதை மன்னிக்கவில்லை. ரூபன் மைதானத்தின் நடுவில் நின்று மகேந்திரண்ணையைப் பார்த்துப் பேசியவற்றை இங்கே எழுத முடியாது. லொறி சந்தைக்குள் போனால், "அண்ணை, பெடியளும் உள்ளுக்கோ?" என்று மீன்காரர்கள் கேட்பார்கள். அவர் லொறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மனேச்சர் பதவியை விட்டார். மைதானத்துக்குள் கால் வைப்பதையும் விட்டார்.

சனிக்கிழமை முற்பகல் நான் வெள்ளைச் சேலைக்கு மேல் குளிருக்குக் கோட்டுப் போட்டு, மாலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கழக மண்டபத்துக்குப் போனேன். இவர் கழுத்தில் கறுத்த ரை கட்டியிருந்தார். வாசலில் நின்ற ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து, பாடமாக்கி வந்ததைச் சொன்னேன்: "சொறி ஃபோர் யுவர் லோஸ்." உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஒருவர் பெருமூச்சு விட்டு, "நான்கு பூச்சியம். அதுவும் சொந்த மைதானத்தில்" என்றார். அடுத்தவர், "கோல்காப்பாளனைத்தான் முதலில் துரத்தவேண்டும்" என்றார். லோஸ் என்ற சொல் இங்கே சாவுக்கும் அதுதான், தோல்விக்கும் அதுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் என் சேலையைத் தொட்டுப் பார்த்து, கழகத்தின் நிறத்திலேயே உடுத்தி வந்திருக்கிறாயே என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அவர்களுடைய கழகத்தின் நிறம் வெள்ளையாம்.

மண்டபத்தின் சுவரில் நோர்மனின் பெரிய படம் மாட்டியிருந்தது. குப்பைத்தொட்டியில் பார்த்த அதே சிரிப்பு. கதிரையொன்றில் ஏறி மாலையைப் போட்டுவிட்டு, இறங்கி நின்று கும்பிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அஞ்சலிக்குக் கைதட்டுகிறார்களே என்று திரும்பினால், கதவடியில் மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டு, வழுக்கைத் தலையும் அகன்ற காதுமாக நோர்மன் நின்றார்.

நான் இவருடைய கையைப் பிடித்தேன். இவர் என் காதுக்குள், "நான் அப்பவே கேட்டனான்" என்றார்.

நோர்மன் படத்துக்குக் கிட்டப் போய் மாலையைப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். மண்டபம் முழுவதும் என்னைக் காட்டிற்று. "மிக அழகாக இருக்கிறது. இதன் பொருள் என்ன?" என்று என்னைக் கேட்டார். வெற்றிபெற்றவருக்குப் போடுவது என்று இவர் தமிழில் எனக்குச் சொல்லித்தந்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. "எங்கள் ஊரில் படத்துக்கு மாலை போட்டால் அந்த ஆள் உயிரோடு இல்லை என்று அர்த்தம். கீத் உங்களை இழந்துவிட்டதாகச் சொன்னார்" என்றேன். எங்கள் தெருவில் இனிமேல் மழையைப் பற்றிக்கூட ஒருவரும் பேசப்போவதில்லை என்று நினைத்தேன். பிறகு நோர்மன் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். "இழந்தார்கள்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கழகத்துக்கு நான் போய்விட்டேன். அதன்பிறகு இவர்களுக்கு நான் செத்தவன்தான்" என்றார். கீத் சிவந்துபோய் நின்றார். குப்பைத்தொட்டியில் படம் ஒட்டியது அந்தக் கோபத்திலாம். கோபம் எப்போது போனதென்று தெரியாதாம், படத்தை உரிக்க மனம் வரவில்லையாம். இப்போது ஓய்விலிருக்கும் நோர்மனை இன்றைக்குக் கூப்பிட்டதும் பழைய ரசிகர்கள்தானாம். ஏதோ கோபத்தில் ஒட்டியது என்று நான் முதலில் நினைத்தது சரிதான்.

நோர்மன் மாலையைப் படத்திலிருந்து எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். உங்கள் ஊரில் கஃபர் யார் என்று கேட்டார். நான் ஐஸ் லொறிக் கதையைச் சொன்னேன். இந்த முறை அவர் அவ்வளவு சிரிக்கவில்லை. "அந்த ஆள் இப்போது எங்கே?" என்றார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கைப்பேசியை எடுத்து வீடியோவில் தம்பியைக் கூப்பிட்டேன். இங்கே முற்பகலென்றால் ஊரில் பின்னேரம். ரூபன் மைதானத்தில் சின்னப் பெடியளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒண்டுமில்லையடா. மகேந்திரண்ணை எங்க இருக்கிறார்?"

"இஞ்சதான். ஒவ்வொரு பின்னேரமும் வந்து கம்பிவேலிக்கு அங்கால நிண்டு பாப்பார். உள்ள வாறேல்ல."

"போனைக் குடு."

"என்னட்ட இருந்து வாங்குவாரோ தெரியாதக்கா."

வாங்கினார். திரையில் நரைத்த மீசையும் ஒரு கண்ணும் தெரிந்தன. "ரூபன்ர அக்காவோ? எப்பிடிப் பிள்ளை இருக்கிறாய்?" என்றவர் உடனே, "உது ஆர் வெள்ளைக்காரன், மாலையோட? இந்த வயசில கலியாணமோ?" என்றார். என்ன சொல்கிறார் என்று நோர்மன் கேட்டார். வாழ்த்துகிறார் என்றேன்.

நோர்மன் கைப்பேசியை உற்றுப் பார்த்தார். "இவர் ஏன் வேலிக்கு வெளியே நிற்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மாலையின் ஒரு பூவை விரலால் உருட்டினார். "இன்றைக்கு நானும் அந்தக் கதவடிவரை வந்து, திரும்பிப் போய்க் காருக்குள் இருந்துவிட்டுத்தான் வந்தேன். உள்ளே போனால் ஒருவரும் கடிக்கமாட்டார்கள் என்று அவரிடம் சொல்லு" என்றார்.

"அண்ணை, உள்ள போகட்டாம். ஒருத்தரும் கடிக்கமாட்டினமாம்."

"அவருக்கென்ன தெரியும்? எங்கட ஆக்களின்ர வாய் அவருக்குத் தெரியாது. எனக்கு ஏலாது பிள்ளை."

அவர் யோசிக்கிறார் என்று மொழிபெயர்த்தேன். நோர்மனும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, குளிர் இருக்கட்டும், அந்த நான்கு கோல்களும் எந்தப் பக்கத்தால் வந்தன, பின்னுக்கு எத்தனை பேரை நிறுத்தினார் என்று கேள், பிழை அங்கே இருந்திருக்கும் என்று சொல்லு என்றார். இதை நான் அப்படியே சொன்னேன். மகேந்திரண்ணைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிழையோ? என்ர ஆட்டத்திலயோ? இடப்பக்கம் லெப்ற் பெக் நிண்ட இடத்தைக் காட்டுறன், பாக்கச் சொல்லு!" கையை நீட்டிக் காட்டியதில் திரையில் வானம் தெரிந்தது, பிறகு கம்பிவேலி, பிறகு அவருடைய செருப்பு. "இதில நிண்டால் தெரியாது. டேய் ரூபன், உந்தக் கம்பியைத் தூக்கிப் பிடியடா!"

ரூபன் தூக்கிப் பிடித்தான். மகேந்திரண்ணை குனிந்து உள்ளே போனார். போனது அவருக்கே தெரியாது. கோல் கம்பத்தடிவரை நடந்து, லெப்ற் பெக், ஓஃப்சைட், பெனால்டி என்று கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினார். நோர்மன் மேசையில் உப்புப் போத்தலையும் சோஸ் போத்தலையும் நகர்த்தி மறுத்துப் பேசினார். மொழிபெயர்க்க எனக்கு இடமே தரவில்லை. அவர் தமிழில் கத்த, நோர்மன் ஆங்கிலத்தில் கத்த, இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஊர் மைதானத்தில் யாரோ கூவினார்கள்: "டேய், ஐஸ் வந்திட்டுது!"

திரை அசையாமல் நின்றது. எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். இன்னொரு குரல், "அண்ணை, லொறி வெளியிலயோ?" என்றது.

"ஓம்," என்றார் மகேந்திரண்ணை. "ஏறன்ரா. ஒரு கட்டி மிச்சம் வச்சிருக்கிறன்."

சிரிப்பு எழுந்தது. அது எத்தனை பேருடைய சிரிப்பென்று எனக்குத் தெரியாது. ரூபன் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. மகேந்திரண்ணை அதில் இருந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "போனை வைச்சிடாத பிள்ளை. அங்கத்தைய ஆட்டத்தையும் காட்டு" என்றார்.

அப்படித்தான், மதியம் இங்கே ஆட்டம் தொடங்க, கைப்பேசியில் அவரோடு பார்வையாளர் அரங்கில் போய் இருந்தேன். ஒரு பக்கம் கீத், மறு பக்கம் இவர், முன்வரிசையில் மாலையோடு நோர்மன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வெள்ளைச் சட்டைக்காரர்கள் வழமைபோல் ஒரு கோல் பின்னுக்கு நின்றார்கள். கைப்பேசியில் பின்னேர வெயில் மணலில் கிடக்க, பெடியள் இரண்டாகப் பிரிந்து விளையாடினார்கள். நான் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுவன் ஒருவன் இடப்பக்கத்தால் பந்தைக் கொண்டுபோனான். ஒருவனை வெட்டினான், இன்னொருவனை வெட்டினான், அடித்தான்.

"கோல்!" என்று கையிரண்டையும் உயர்த்திக்கொண்டு எழும்பிவிட்டேன்.

முழு அரங்கும் திரும்பி என்னைப் பார்த்தது. மைதானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பந்து வெளியே போயிருந்தது. எங்கள் கோல்காப்பாளர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். கீத் புள்ளிப்பலகையைப் பார்த்தார், என் கையிலிருந்த வெயிலைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக எழும்பி, எனக்குப் பக்கத்தில் நின்று கைதட்டினார். அத்தனை பேர் இருந்த அந்த அரங்கில், மழைக்குள், திருகோணமலையில் விழுந்த ஒரு கோலுக்காக நாங்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தோம்.